இருவர் மிதிவண்டியும் டிரம் பிரேக்கும்

டேன்டம் எனப்படும் இருவர் மிதிவண்டி, இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து, இருவருமே பெடல் மிதித்து ஓட்டும் வண்டியாகும். சமதரையில் இது தனி மிதிவண்டியைவிட வேகமாகச் செல்லும். ஆனால் மலைச்சரிவில் இறங்கும்போது இதை நிறுத்துவது தொடக்க காலம் முதலே பெரும் சிக்கலாக இருந்தது. அதற்குக் கண்ட தீர்வுகளுள் ஒன்றுதான் சக்கரத்தின் நடுவே, ஹப்பில் அமையும் டிரம் பிரேக். மொபெட், ஸ்கூட்டர், ஆட்டோ ஆகியவற்றின் சக்கரங்களில் நாம் பார்க்கும் அதே வகைதான் இதுவும். இந்தப் பிரேக் இருவர் மிதிவண்டிக்கு ஏன் தேவைப்பட்டது, அதை ஏற்க வண்டியின் சட்டகம் எப்படி மாற வேண்டியிருந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

'டேன்டம்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'நெடுநேரம் கழித்து', 'கடைசியில்' என்று பொருள். இங்கிலாந்தில் இதை 'நீளவாக்கில்' என்று வேடிக்கையாகத் திரித்து, ஒன்றன் முன் ஒன்றாகக் குதிரை பூட்டிய வண்டிக்குப் பெயராக்கினர். பின்னர் அப்பெயர் மிதிவண்டிக்கு வந்தது. 1880களில் பெட்ஃபோர்டுஷயரின் பிக்கிள்ஸ்வேடு ஊரைச் சேர்ந்த டேன் ஆல்போன், தம் ஊர் வழியாக ஓடும் ஐவெல் ஆற்றின் பெயரில் மிதிவண்டிகள் செய்தார். அவற்றுள் இருவர் வண்டியும் ஒன்று. 1892-இல் ஹாரி டேக்கர் எழுதிய 'டெய்சி பெல்' பாடல் இருவர் மிதிவண்டியை உலகெங்கும் அறிய வைத்தது.

வண்டியில் முன்னால் இருப்பவரை 'கேப்டன்' என்பர். திசை திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் பெரும்பாலும் அவர் வேலை. பின்னால் இருப்பவருக்கு 'ஸ்டோக்கர்' என்று பெயர். இது நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவருக்கு உரிய பெயர். ஸ்டோக்கருக்கு முன்னால் உள்ள பாதை சரியாகத் தெரியாது. அவர் பிடித்திருக்கும் கைப்பிடி திரும்பாது. இறக்கத்தில் அவருடைய உயிர் முன்னவரின் கையிலும், அந்தக் கை இழுக்கும் பிரேக்கிலும் இருக்கிறது. இருவர் வண்டியின் பிரேக்கைப் பற்றி ஓட்டிகளும் வண்டி செய்வோரும் நூறாண்டுக்கும் மேலாக விவாதித்து வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தொடக்க காலப் பிரேக்குகள்

முதலில் வந்த மிதிவண்டிகளில் கரண்டி வடிவத் தகடு ஒன்று முன்சக்கர டயரின் மேற்பரப்பை நேரடியாக அழுத்தும். கெட்டி ரப்பர் டயருக்கு அது போதுமானதாக இருந்தது. 1888-இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கிய பிறகு அந்த முறை பொருந்தவில்லை. தகடு டயரைத் தேய்த்துக் கிழித்தது.

எனவே உராய்வு டயரிலிருந்து ரிம்முக்கு மாறியது. இரும்புக் கம்பிகள் வழியே ரிம்மின் உள்பக்கத்தை அழுத்தும் கம்பிப் பிரேக், பழைய ராலே வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு நன்கு தெரிந்தது. 1896-இல் எர்னஸ்ட் மானிங்டன் பவுடன் காப்புரிமை பெற்ற கேபிள், அதாவது உறைக்குள் ஓடும் முறுக்குக் கம்பி, பிரேக்கை வளைவு நெளிவான வழியிலும் இழுக்க வகை செய்தது. இருவர் வண்டிக்கு இது மிகவும் உதவியது. முன் கைப்பிடியிலிருந்து பின்சக்கரம் வரையிலான தொலைவு இவ்வண்டியில் மிக அதிகம்.

ஆயினும் ரிம்மைப் பிடிக்கும் எந்தப் பிரேக்குக்கும் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது மழை. அக்காலத்து குரோம் பூசிய எஃகு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். இரண்டாவது வெப்பம். இருவர் வண்டியில் இரண்டாவது குறையே பெரியது.

வெப்பக் கணக்கு

பிரேக் பிடிப்பதால் வண்டியின் ஆற்றல் அழிந்துவிடுவதில்லை. அது வெப்பமாக மாறுகிறது. பள்ளியில் படித்த 'நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்' என்னும் வாய்பாட்டைக் கொண்டே இதன் அளவை அறியலாம்.

இரண்டு ஓட்டிகள், வண்டி, பைகள் எல்லாம் சேர்த்து 170 கிலோ என்று கொள்வோம். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஆல்ப் துவேஸ் சாலை, 21 கொண்டை ஊசி வளைவுகளுடன் சுமார் 14 கி.மீ. நீளத்தில் ஏறத்தாழ 1,100 மீட்டர் இறங்குகிறது. 170 × 9.8 × 1,100 என்று பெருக்கினால் சுமார் 18 இலட்சம் ஜூல் வருகிறது. ஐந்தரை லிட்டருக்கும் சற்று மேலான தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைக்க இந்த ஆற்றல் போதும். இதில் ஒரு பங்கைக் காற்றின் தடையும் டயரின் உருளும் தடையும் எடுத்துக்கொள்கின்றன. மீதி முழுவதும் பிரேக்குக்கு வந்து சேர்கிறது.

தனி மிதிவண்டியிலும் இதே கணக்குதான். ஆனால் அங்கே நிறை பாதி. இருவர் வண்டியில் நிறை இரட்டிப்பானாலும் சக்கரம் இரண்டுதான், ரிம்மும் இரண்டுதான். மேலும், பின்னவர் முன்னவரின் மறைவில் அமர்வதால் காற்றுத் தடை இரட்டிப்பாவதில்லை. சமதரையில் வேகத்தைத் தரும் அதே காரணம், இறக்கத்தில் பிரேக்கின் சுமையைக் கூட்டுகிறது.

நூற்றுக்கு 7 சரிவுள்ள சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கினால், நொடிக்குச் சுமார் 970 ஜூல் ஆற்றல் வெளிப்படும். காற்றும் உருளும் தடையும் அதில் கால் பங்கு அளவுக்கு எடுத்துக்கொண்டாலும் 700 வாட்டுக்கு மேல் பிரேக்கில் சேரும். வீட்டில் பயன்படுத்தும் 750 வாட் இஸ்திரிப் பெட்டியை அரை மணி நேரம் அணைக்காமல் ரிம்மில் வைத்திருப்பதற்கு இது ஒப்பானது. மிக மெதுவாக இறங்கினால் நொடிக்கு வரும் வெப்பம் குறைவு. மிக வேகமாக இறங்கினால் காற்று பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். இடைப்பட்ட வேகத்தில், அதாவது ஓர் எச்சரிக்கையான ஓட்டி விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கும் மணிக்கு 30 முதல் 40 கி.மீ. வேகத்தில்தான், பிரேக் மிக அதிகமாகச் சூடேறும்.

இந்த வெப்பம் ரிம்மிலிருந்து நேரே டயருக்கும் டியூபுக்கும் செல்கிறது. டியூபில் காற்றழுத்தம் உயர்கிறது. டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவ வாய்ப்புண்டு. பந்தய வண்டிகளில் டயரை ரிம்மோடு ஒட்டும் பசை இளகிவிடும். வளைவில் முன்சக்கர டயர் வெடித்தால் இருவரும் விழுவர். அதற்கு முன் எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

டிரம் பிரேக் வந்த வழி

சுழலும் உருளையின் உள்ளே இரண்டு பிறை வடிவக் கட்டைகள் விரிந்து உராயும் இன்றைய டிரம் பிரேக், முதலில் மோட்டார் வண்டிக்காக உருவானது. 1902-இல் பிரான்சின் லூயி ரெனோ அதற்கு உருக்கொடுத்தார் என்று தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் பொதுவாகக் குறிப்பிடுகின்றன. மோட்டார் சைக்கிள் வழியாக அது மிதிவண்டிக்கும் இறங்கி வந்தது.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ராலே நிறுவனத்தோடு இணைந்து வளர்ந்த ஸ்டர்மி ஆர்ச்சர், மூன்று வேக கியர் ஹப்புக்குப் பெயர் பெற்றது. அந்நிறுவனம் 1930களில் டிரம் பிரேக் அமைந்த ஹப்புகளையும் விற்றது. அந்தக் காலம் பிரிட்டனில் இருவர் வண்டியின் பொற்காலம். கார் வாங்க வசதியில்லாத இளம் தம்பதியர் வார இறுதியில் இருவர் வண்டியில் ஊர் சுற்றினர். குழந்தை பிறந்ததும் பக்கவாட்டில் ஒரு சிறு பெட்டி வண்டியை இணைத்துக்கொண்டவர்களும் உண்டு. சுமை கூடக் கூட, மழையிலும் பிடிக்கும் ஹப் பிரேக்கின் மதிப்பும் கூடியது.

பிரான்சில் தேவை வேறு வகையில் எழுந்தது. அங்கே ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளின் நீண்ட கணவாய்ச் சாலைகளில் சுற்றுலா செல்வோர் மிகுதி. ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற பாரிஸ் கைவினைஞர்கள் வாடிக்கையாளரின் உடலளவுக்கேற்ப இருவர் வண்டிகளைச் செய்தனர். அவர்கள் ரிம்மைப் பிடிக்கும் வலுவான கேன்டிலீவர் பிரேக்கைப் பயன்படுத்தினர். அதோடு துணையாக, மாக்சி கார் போன்ற டிரம் ஹப்புகளைப் பின்சக்கரத்தில் வைக்கும் வழக்கமும் அந்நாட்டில் பரவியது. இவ்வாறு, நிறுத்துவதற்கு ஒன்றும் வேகத்தைக் கட்டி வைக்க மற்றொன்றுமாகப் பிரேக்கின் பணி இரண்டாகப் பிரிந்தது.

போருக்குப் பின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பெருகியதால் இருவர் வண்டி மங்கியது. 1970களில் அமெரிக்காவில் மிதிவண்டி ஆர்வம் மீண்டும் எழுந்தபோது அதுவும் உயிர்பெற்றது. ஜப்பானின் அராய் நிறுவனத்து டிரம் பிரேக் அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க இருவர் வண்டிகளில் பரவலாக இடம்பெற்றது. பின் ஹப்பின் இடப்பக்கத்தில், ஃப்ரீவீலைத் திருகுவது போலவே இதைத் திருகிப் பொருத்தலாம். இடப்பக்கமானாலும் இதற்கு வழக்கமான வலஞ்சுழி மரையே போதும். பிரேக் பிடிக்கும்போது டிரம் பின்தங்கப் பார்க்கிறது, ஹப் முன்னேறப் பார்க்கிறது. அதனால் மரை தளராமல் மேலும் இறுகும்.

இந்தப் பிரேக்கை வண்டியை நிறுத்தும் பிரேக்காகக் கருதுவதில்லை, இழுத்துப் பிடிக்கும் பிரேக்காகவே கருதுவர். கியர் மாற்றப் பயன்படும் நெம்பு போன்ற ஒன்றால் இதை ஓர் அளவில் வைத்துவிட்டால் அது அப்படியே நிற்கும். பல வண்டிகளில் இந்த நெம்பைப் பின்னவரின் கைப்பிடியில் வைத்தனர். அதுவரை பிரேக்கில் எந்தப் பங்கும் இல்லாதிருந்த ஸ்டோக்கருக்கு இறக்கத்தில் ஒரு பொறுப்புக் கிடைத்தது. முன்னவர் கேட்கும்போது அவர் பிரேக்கைக் கூட்டுவார், சொல்லும்போது தளர்த்துவார். முன்னவரின் இரண்டு ரிம் பிரேக்குகளும் குளிர்ந்தே இருக்கும். திடீரென நிறுத்த வேண்டி வந்தால் அவை முழு வலுவுடன் கிடைக்கும்.

டிரம் ஏன் பொருத்தமானது

டிரம்மில் உண்டாகும் வெப்பம் டயரிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. மெல்லிய ஸ்போக் கம்பிகள் வழியாக அது ரிம்மை எட்டுவது மிகக் குறைவு. டிரம்மின் கனத்த உலோகம் வெப்பத்தை வாங்கிக்கொண்டு காற்றில் மெதுவாக விடுகிறது.

டிரம்முக்கும் எல்லை உண்டு. அளவுக்கு மீறிச் சூடேறினால் உள்ளே இருக்கும் லைனிங்கின் உராய்வு குறையும். டிரம் விரிவடைந்து கட்டையிலிருந்து விலகும். பால்ரஸின் கிரீஸ் உருகி லைனிங்கில் பட்டுவிட்டால் பிடிப்பு அறவே போகவும் கூடும். ஆனால் இவை பெரும்பாலும் படிப்படியாக நிகழ்பவை. நெம்பு இன்னும் அதிகமாக இழுக்க வேண்டியதாகிறது, எரிந்த வாடை வருகிறது. ஓட்டிகள் வண்டியை ஓரங்கட்டி ஆறவிட நேரம் கிடைக்கிறது. டயர் வெடிப்பு அந்த நேரத்தைத் தருவதில்லை.

சட்டகம் ஏற்க வேண்டிய விசை

டிரம் பிரேக்கைச் சாதாரண வண்டியில் அப்படியே மாட்டிவிட முடியாது. காரணம் எதிர்விசை. பிரேக் கட்டைகள் ஒரு தட்டின் மேல் அமர்ந்துள்ளன. கட்டைகள் டிரம்மைப் பிடித்தவுடன் அந்தத் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். அதைத் தடுக்க, தட்டிலிருந்து நீளும் ஓர் இரும்புக் கையைச் சட்டகத்தோடு கட்ட வேண்டும். பின்சக்கரத்தில் இக்கை, பெடல் அச்சிலிருந்து பின்னச்சுக்கு வரும் இடப்பக்கக் குழாயில், அதாவது செயின் ஸ்டேயில் சேர்கிறது.

முன்பு கூறிய 170 கிலோ வண்டியை நூற்றுக்கு 7 சரிவில் சீரான வேகத்தில் பிடித்துவைக்க, காற்றுத் தடையை ஒதுக்கிப் பார்த்தால், டயர் தரையைத் தொடும் இடத்தில் சுமார் 117 நியூட்டன் விசை வேண்டும். சக்கரத்தின் ஆரம் 34 செ.மீ. எதிர்விசைக் கையின் நீளம் அதில் பாதி, 17 செ.மீ. என்றால், கை குழாயை இரு மடங்கு விசையோடு அழுத்தும். அதாவது ஏறத்தாழ 24 கிலோ எடையை அந்த ஓரிடத்தில் தொங்கவிட்டது போல. அழுத்திப் பிடித்தால் இது பல மடங்காகும். பெடல் மிதிப்பவரின் விசையை நீளவாக்கில் தாங்குவதற்காகச் செய்த மெல்லிய குழாய், நடுவில் குறுக்கே வரும் இந்த அழுத்தத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல.

முன்சக்கரத்தில் நிலைமை இன்னும் கடினம். அங்கே கை முன்ஃபோர்க்கின் ஒரு பக்கக் காலை மட்டும் முன்னோக்கித் தள்ளுகிறது. மறு காலுக்கு அந்தச் சுமை இல்லை. ரிம் பிரேக்குக்காகச் செய்த, நுனி மெலிந்த ஃபோர்க்கில் பெரிய டிரம்மைப் பொருத்தினால் கால் வளைய வாய்ப்புண்டு. இதனால்தான் டிரம்முக்கென்று செய்த ஃபோர்க்குகள் தடித்த கால்களைக் கொண்டிருந்தன. பின்னாளில் துணைப் பிரேக்காக வைத்த டிரம் பெரும்பாலும் பின்சக்கரத்திலேயே இடம்பெற்றது. இருவர் வண்டி நீளமானதால் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் எளிதில் தரையை விட்டு எழாது. எனவே தனி வண்டியைவிட இதில் பின் பிரேக்குக்குப் பயன் அதிகம்.

பொருத்தும் முறை

பழைய எஃகுச் சட்டகத்தில் டிரம் பிரேக் பொருத்தும் வேலை கீழ்க்கண்ட வரிசையில் நடக்கிறது.

முதலில் அகலம். பின்னச்சு அமரும் இரு பிளவுகளுக்கும் இடையிலான தூரத்தை அளக்க வேண்டும். டிரம்மும் பல பற்சக்கரங்களும் சேர்ந்த ஹப் அகலமானது. 140, 145 மி.மீ. அகலங்கள் இருவர் வண்டிகளில் வழக்கமானவை. எஃகுச் சட்டகத்தைச் சில மில்லிமீட்டர் அளவுக்கு நிதானமாக விரித்து, இரு பக்கமும் நேராக நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்கலாம். அலுமினியச் சட்டகத்தையும் கார்பன் சட்டகத்தையும் அவ்வாறு விரிக்கக் கூடாது, விரிசல் விழும்.

இரண்டாவது சக்கரம். இருவர் வண்டிக்கு 40 அல்லது 48 ஸ்போக் உள்ள சக்கரம் கோப்பது வழக்கம். ரிம் பிரேக்கில் பிடிப்பு விசை ரிம்மிலேயே பிறக்கிறது. டிரம் பிரேக்கிலோ அது ஹப்பிலிருந்து ஸ்போக் வழியாகவே டயருக்குச் செல்ல வேண்டும். எனவே ஸ்போக்குகளை ஹப்பிலிருந்து நேர்க்கோட்டில் வைக்கக் கூடாது, குறுக்குமறுக்காகப் பின்ன வேண்டும். கோட்டம் எடுத்த பிறகு எல்லாக் கம்பிகளின் இறுக்கத்தையும் மீண்டும் சரிபார்ப்பது அவசியம்.

மூன்றாவது எதிர்விசைக் கை. செயின் ஸ்டேயில் பித்தளைப் பற்றவைப்பால் நிலையான ஒரு காதை அமைப்பது சிறந்தது. பட்டையால் இறுக்கினால், அது குழாயின் சுற்றளவுக்குச் சரியாக அமைய வேண்டும். அளவு பெரிய பட்டையை நசுக்கி இறுக்கினால் குழாய் நெளியும். தளர்வாக விட்டால் ஒவ்வொரு பிடிப்பிலும் கை அடித்து அடித்துக் குழாயில் வடு விழும். போல்ட்டுக்குத் தானே கழலாத நட்டு வேண்டும். இந்த ஒரு போல்ட் கழன்றால் தட்டு சுழன்று, கேபிள் அறுந்து, பிரேக் முழுவதும் போய்விடும்.

நான்காவது கேபிள். சாதாரண வண்டியின் கேபிள் நீளம் எட்டாது. இருவர் வண்டிக்கென விற்கும் நீளக் கேபிள் தேவை. உறை நீண்டால் அது அமுங்கி இழுவையை விழுங்கிவிடும். ஆகவே சட்டகத்தின் நேரான பகுதிகளில் உறையை நிறுத்திவிட்டு, வெறும் கம்பியை மட்டும் ஓடவிடுவர். அதற்கான நிறுத்தக் காதுகளையும் சட்டகத்தில் பற்றவைக்க வேண்டும்.

ஐந்தாவது மையம் பார்த்தல். அச்சு நட்டை முழுவதும் இறுக்குவதற்கு முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது கட்டைகள் டிரம்மோடு பொருந்தித் தட்டு நடுவில் வந்து நிற்கும். அந்நிலையிலேயே நட்டை இறுக்கிவிட்டு, சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். புதிய லைனிங் உடனே முழுப் பிடிப்பைத் தராது. சிறு இறக்கங்களில் சில முறை பயன்படுத்தித் தேய்த்துப் பழக்கிய பிறகே மலைக்குச் செல்ல வேண்டும். லைனிங்கில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது.

டிஸ்க் பிரேக்கின் வருகை

1990களின் பிற்பகுதியிலிருந்து மலை மிதிவண்டிகளில் பரவிய டிஸ்க் பிரேக், இருவர் வண்டிக்கும் வந்தது. டிரம்மைவிட எடை குறைவு, பிடிப்பு அதிகம் என்பதால் புதிய வண்டிகளில் அதுவே பெரும்பாலும் இடம்பெறுகிறது. அராய் டிரம்மின் உற்பத்தி நின்றுவிட்டதால், பழைய டிரம்களைத் தேடி வாங்கிப் பாதுகாக்கும் ஓட்டிகளும் இருக்கிறார்கள். டிஸ்க்கின் தகடு மெல்லியது. அதில் வெப்பத்தைத் தேக்கிவைக்க இடம் குறைவு. நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்தால் அதுவும் மிகையாகச் சூடேறும். எனவே இருவர் வண்டிக்கு 203 மி.மீ. போன்ற பெரிய தகடுகளைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

எதிர்விசையும் மறைந்துவிடவில்லை. டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பர் சட்டகத்தின் இடப்பக்கப் பின்மூலையில் அமர்கிறது. அங்கே தடித்த காதுகளும் வலுவூட்டிய குழாய்களும் வேண்டியுள்ளன. ரிம் பிரேக்குக்காகச் செய்த பழைய சட்டகத்தில் டிஸ்க் பொருத்த நினைப்பவர், அன்று டிரம் பொருத்தியவர் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: இந்தக் குழாய் இந்த விசையைத் தாங்குமா?

ஸ்டர்மி ஆர்ச்சர் 2000-இல் தைவானின் சன்ரேஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 70 மி.மீ., 90 மி.மீ. அளவுகளில் டிரம் ஹப்புகள் அப்பெயரில் இன்றும் விற்பனையாகின்றன. மழை, சேறு, அதிகச் சுமை, குறைந்த பராமரிப்பு ஆகியவை சேரும் இடங்களில், குறிப்பாகச் சரக்கு மிதிவண்டிகளிலும் அன்றாடப் பயண வண்டிகளிலும், அவை தொடர்ந்து பயன்பட்டு வருகின்றன. பழைய இருவர் வண்டிகளை மீட்டெடுப்போர் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது எதிர்விசைக் கையின் போல்ட்டை. பின்னால் அமர்பவரும் அது எங்கே இருக்கிறது என்று அறிந்திருப்பது நல்லது.